அக்கா எழுதிய பதினெட்டுக் கேள்விகள்

எங்கள் அக்காவின் ஆட்டைத் திவசத்துக்கு, முதலாம் வருட நினைவுக்கு வந்து, பந்தியால் எழும்பிக் கைகழுவிய கையோடு இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இதை இங்கே நின்று புரட்ட வேண்டாம். வீட்டுக்குப் போய், ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசித்த பிறகு என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் அதையும் நான் ஏற்றுக்கொள்வேன்.

சென்ற வருடம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வெளியிட்ட மலரிலும் நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நன்றாக இருந்தது என்று பலர் சொன்னீர்கள். சிலர் கண்கலங்கினீர்கள். அதில் ஒரு வசனம் வருகிறது: "தம்பியாகிய எனது உளவியல் ஆய்வுகளுக்கு அக்கா என்றும் உறுதுணையாக இருந்தார்." அந்த வசனம் பொய். அச்சகத்துக்குக் கொடுக்கும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதைத் திருத்துவதற்காகவே இந்த இரண்டாவது கட்டுரையை எழுதுகிறேன்.

அக்கா திருகோணமலை லிங்கநகரில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர் மட்டும். எனக்கு அக்கா ஐந்து வயது மூத்தவர். அப்பா வேலையால் வந்து சைக்கிளை மதிலில் சாத்தும்போதே அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிடுவார். "அப்பா, இண்டைக்குக் கந்தோரில ஆர் உங்களோட கதைக்கேல்லை?" என்று கேட்பார். அப்பா சிரித்து மழுப்புவார். ஆனால் சாப்பிடும்போது அம்மாவிடம் அந்த ஆளின் பெயரைச் சொல்லுவார். அக்கா நினைத்தது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் அக்கா உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தார். எங்கள் சொந்தத்தில் அந்தப் படிப்பைப் பற்றி அப்போது ஒருவருக்கும் தெரியாது. ஒரு மாமா, "மற்றவன்ர மனசில இருக்கிறதைச் சொல்லுற படிப்போ பிள்ளை?" என்று கேட்டார். அக்கா, "இல்லை மாமா, மற்றவன் சொல்லுறதைக் கேக்கிற படிப்பு" என்றார். முதலாம் வகுப்பில் சித்தியடைந்து, அங்கேயே தற்காலிக உதவி விரிவுரையாளராக ஒரு வருடம் படிப்பித்தார். நிரந்தரப் பதவி அவருக்குத்தான் என்று துறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் உளவியல் படிக்கப் போனது அவரைப் பார்த்துத்தான். என் விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது கூட அவர்தான்.

அந்த நேரத்தில்தான் சுனாமி வந்தது. அக்கா இரண்டு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை. நிரந்தரப் பதவிக்கான நேர்முகத் தேர்வு நடந்த நாளில் அவர் கிண்ணியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில், தாயை இழந்த பிள்ளைகளோடு நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் உளவளத்துணையாளராகச் சேர்ந்தார்.

"விசர் ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பெட்டை" என்று நம்மவர்கள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. கலியாணம் பேசி வந்த இரண்டு இடங்கள் அதனாலேயே திரும்பிப் போயின. அப்போது நானும், "வீட்டுக்கு ஆக்கள் வரேக்க ஆஸ்பத்திரி எண்டு மட்டும் சொல்லுவம், எந்தப் பிரிவு எண்டு சொல்லத் தேவையில்லை" என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னேன். உளவியல் படித்துக்கொண்டிருந்த நான் சொன்னது அது. மூன்றாவதாக வந்த பாடசாலை ஆசிரியர் மட்டும், "அந்தப் பிரிவில என்ன மாதிரி வேலை?" என்று அக்காவையே கேட்டார். இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் அத்தான். அவர்களுக்கு ஒரு மகள், என் மருமகள்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம்.

சுனாமிக்குப் பிறகு முகாம்களில் மனநலத்தை அளவிடுவதற்கு ஒரு வினாக்கொத்து பாவிக்கப்பட்டது. வேறு நாட்டில் எழுதி, இங்கே அவசரமாகத் தமிழாக்கியது. "உமது மனநிலை சோர்வுற்றிருக்கின்றதா?" என்பது போன்ற கேள்விகள். நிலாவெளியில் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயிடம் அக்கா அதைக் கொண்டுபோனார். எல்லாக் கேள்விக்கும் அந்த அம்மா "இல்லை" என்றார். படிவத்தின்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

படிவத்தை மடித்து வைத்த பிறகு, அந்த அம்மா அக்காவை மறித்துச் சோறு போட்டார். கறியில் உப்பே இல்லை.

"அம்மா, உப்புப் போட மறந்திட்டீங்கள் போல" என்றாராம் அக்கா.

"நான் இப்ப உப்புப் பார்க்கிறேல்லைப் பிள்ளை" என்றாராம் அந்த அம்மா. "ஆருக்கெண்டு பார்க்கிறது?"

அந்த அம்மா தன் பெயரை இங்கே எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். ஆனாலும் நான் எழுதவில்லை. நிலாவெளி அம்மா என்றே குறிப்பிடுகிறேன்.

அன்றிலிருந்து அக்கா தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளில் எழுதத் தொடங்கினார். எங்கள் பகுதிச் சனங்கள் மனக்கஷ்டத்தை எப்படிச் சொல்லுகிறார்கள், எப்படிச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று எழுதினார். எவருடைய பெயரும் அதில் இல்லை. சின்னச் சின்னக் குறிகள் மட்டும். கரைவலை இழுக்கிற ஆண்கள் தங்களுக்குக் கவலை என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் மனம் விழுந்தவர் வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டில் சேர மாட்டார். அதனால் அவர்களிடம் "வலை இழுக்கேக்க அம்பா பாடுறனீங்களோ?" என்று கேட்டார். கிண்ணியாவில் முஸ்லிம் பெண்களிடம், "நோன்பு திறக்கேக்க பக்கத்தில ஆர் இருப்பினம்?" என்று கேட்டார். "வீட்டுக் கதவு தட்டினா ஆர் போய்த் திறக்கிறது?", "கடல் பக்கத்து யன்னலைத் திறந்து வைக்கிறனீங்களோ?", "கறிக்கு உப்புப் பார்க்கிறனீங்களோ?" என்று இப்படியே வருடக்கணக்கில் சேர்த்து, கழித்து, ஈற்றில் பதினெட்டுக் கேள்விகளாக்கினார்.

வெறுமனே எழுதி வைத்துவிடவும் இல்லை. தன் கேள்விகளைக் கேட்ட அதே ஆட்களை, தன் முடிவைக் காட்டாமல், மனநல வைத்தியரைத் தனியாகப் பார்க்கச் செய்தார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டார். எங்கே பிழையாகப் போனது என்று சிவப்புப் பேனையால் குறித்தார். அதே ஆட்களை மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்த்தார். நல்ல ஆய்வாளர் ஒருவர் செய்ய வேண்டிய அத்தனையையும், சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்துகொண்டு, ஒரு உதவியாளரும் இல்லாமல் செய்தார். இதை வைத்து முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டத்துக்குப் பதியவும் செய்தார். அப்பா காலமாகி, அடுத்த வருடமே அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அம்மாவைத் தூக்கி இருத்தவும் குளிக்க வார்க்கவும் அக்காவும் அத்தானும்தான் இருந்தார்கள். அக்கா பதிவைக் கைவிட்டார்.

நான் அப்போது வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முடிந்தும் என் ஆய்வு நகரவில்லை. நான் சேர்த்த தரவு பாவிக்க முடியாதது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அம்மாவைப் பார்க்க என்று சொல்லி ஊருக்கு வந்தேன். உண்மையில் திரும்பிப் போகும் எண்ணமே இருக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நாள் காலை அலுமாரியைத் திறந்து பதினொரு கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைப் பார். என்னால இப்ப இதை எழுதி முடிக்க ஏலாது. உனக்கு எழுத்து வரும். ரெண்டு பேருமாச் செய்வம்" என்றார்.

"ரெண்டு பேருமா" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வேறு எவர் சாட்சியும் தேவையில்லை.

நான் ஆறு மாதத்தில் ஆய்வேட்டை எழுதி முடித்தேன். சமர்ப்பிக்கும்போது ஒரு படிவம் தந்தார்கள். இந்த ஆய்வு முழுவதும் என் சொந்த உழைப்பு என்று உறுதிமொழி. மேற்பார்வையாளரிடம் அக்காவைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் ஒரு வழி காட்டியிருப்பார். சொன்னால் பட்டம் தாமதமாகும் என்று பயந்தேன். ஒப்பமிட்டேன். பிறகு ஆய்விதழில் கட்டுரையாக வந்தபோது என் பெயர் மட்டும் வந்தது. கடைசியில் சிறிய எழுத்தில், "தரவு சேகரிப்பில் உதவிய உள்ளூர்ப் பணியாளருக்கு நன்றி" என்று ஒரு வரி. அந்தப் பணியாளருக்கு அதில் பெயர் கூட இல்லை.

அக்காவுக்கு நான் அந்தக் கட்டுரையை அனுப்பவில்லை. அவர் கேட்டபோதெல்லாம், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கினம் அக்கா" என்றேன்.

நாடு திரும்பி வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானேன். அந்த வினாக்கொத்து பிரபலமானது. திருகோணமலையில் உளவளத்துணையாளர்களுக்கு அதில் பயிற்சி கொடுக்க என்னையே அழைத்தார்கள். நகரத்தில் ஒரு மண்டபம், இரண்டு நாள் பட்டறை. நான் மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டுப் பார்க்கிறேன், இரண்டாவது வரிசையில் அக்கா கதிரையில் இருக்கிறார். மடியில் நான் அச்சடித்துக் கொடுத்த கையேடு. அட்டையில் என் பெயர். அவர் அதை அன்று காலைதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

நான் பேசினேன். என் வாயால் அவருடைய கேள்விகளை அவருக்கே விளங்கப்படுத்தினேன். பட்டறை முழுவதும் அவர் என்னைச் "சேர்" என்றுதான் அழைத்தார். இரண்டாம் நாள் கையை உயர்த்தினார்.

"சேர், பதினோராம் கேள்வியில ஒரு சந்தேகம். 'உணவில் சுவை தெரிகிறதா' எண்டு போட்டிருக்கு. அப்பிடிக் கேட்டா எங்கட பொம்பிளையள் ஓம் எண்டுதான் சொல்லுவினம். சுவை தெரியும்தானே. அவை பார்க்கிறேல்லை, அதுதான் விஷயம்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. "கறிக்கு உப்புப் பார்க்கிறனீங்களோ" என்பது கல்விசார்ந்த மொழியாகத் தெரியவில்லை என்று நானே அதை மாற்றியிருந்தேன். யாருக்காகவும் சமைக்க மனமில்லாமல் போனதை அறியும் கேள்வியை, நாக்கைச் சோதிக்கும் கேள்வியாக்கியிருந்தேன். ஆனால் நாற்பது பேர் முன்னால் நான் சொன்ன பதில் இது: "இது நியமப்படுத்தப்பட்ட கருவி, மிஸ். களத்தில இருக்கிற ஆக்கள் தங்கட விருப்பத்துக்கு மாத்த ஏலாது."

"விளங்குது சேர்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பவும் கதிரையில் இருந்தார்.

மாலையில் சான்றிதழ் வழங்கினார்கள். என் ஒப்பம் இட்ட சான்றிதழை என் கையாலேயே அக்காவுக்குக் கொடுத்தேன். அந்தப் படத்தை அந்தியேட்டி மலரின் ஆறாம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். "தம்பியின் பயிற்சிப் பட்டறையில்" என்று அதற்குக் கீழே எழுதியதும் நானே. படத்தில் அக்கா சிரிக்கிறார் என்று பலர் சொன்னீர்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார், அதனால் சிரித்தார்.

அதன் பிறகு அச்சடித்த படிவமே எல்லாக் கிளினிக்குகளிலும் பாவனைக்கு வந்தது. ஒருநாள், அக்கா எங்கள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்ற கிழமையில், புதிதாக வந்த பணியாளர் ஒருவர் நிலாவெளி அம்மாவிடம் அந்தப் படிவத்தை நிரப்பினார். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, கொடுத்ததைக் கேட்டார். பதினோராம் கேள்விக்கு "ஓம், தெரியுது" என்று பதில் வந்தது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்ததில் ஆபத்து இல்லை என்று வந்தது. இனி வரத் தேவையில்லை என்று அவருடைய பதிவுக் கோவையை மூடினார்கள். நான்காம் நாள் காலை, எல்லோரும் பார்க்க, அந்த அம்மா கடலுக்குள் நடந்து போனார். கரைவலைக்கு நின்றவர்கள் பாய்ந்து இழுத்து வந்தார்கள். அவர் பிழைத்தது அவர்களால்.

அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்தார். நான் என் அறையில் இருந்தேன்; வெளியே மாணவர்கள் நின்றார்கள்.

"கேள்வியை மாத்து" என்றார். கத்தினார் என்றே சொல்ல வேண்டும். "என்ர பேரைப் போடச் சொல்லிக் கேக்கேல்லை. எனக்கு அது வேண்டாம். அந்த உப்பைத் திருப்பிப் போடடா!"

"பார்ப்பம் அக்கா" என்றேன்.

என் பதவி உயர்வு விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. கருவியில் பிழை உண்டு என்று நானே எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அந்த அம்மாவைப் பற்றி அந்தளவு நான் யோசிக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

நான் மாற்றாததால் அக்காவே மாற்றினார். தன் கிளினிக்குக்கு வந்த படிவங்களில் அந்த அச்சடித்த கேள்வியை வெட்டி, மேலே பேனையால் பழைய கேள்வியை எழுதினார். மற்றப் பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அங்கீகரிக்கப்பட்ட படிவத்தை ஏன் மாற்றினீர் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "என் அனுபவத்தில் இந்தக் கேள்வியே சரியாக வேலை செய்கிறது" என்று மட்டும் அக்கா பதில் எழுதினார். அதை உருவாக்கியவர் தானே என்று எழுதவில்லை. மேலிடம் என்னிடம் நிபுணர் அபிப்பிராயம் கேட்டது.

நான் இரண்டு வரி எழுதினேன். நியமப்படுத்தப்பட்ட வினாக்கொத்தைத் தனிநபர்கள் மாற்றுவது விரும்பத்தக்கதல்ல என்று. அந்தத் தனிநபர் யார் என்று எனக்குத் தெரியும். கடிதத்திலேயே பெயர் இருந்தது.

அக்காவைக் களப் பணியிலிருந்து எடுத்து, ஒன்றரை வருடம் கந்தோரில் பதிவேடு எழுத வைத்தார்கள். நிலாவெளிக்கு அவர் தன் விடுமுறை நாட்களில் சொந்தமாகப் போய் வந்தார் என்பதை அத்தான் சொல்லித்தான் பின்னர் அறிந்தேன்.

பதவி உயர்வு கிடைத்து, நான் இணைப் பேராசிரியரான பிறகு, அந்தக் கேள்வியைத் திருத்தினேன். அதையும் "திருத்திய வடிவம்" என்று இன்னொரு கட்டுரையாக்கி, மீண்டும் என் பெயரில் மட்டுமே வெளியிட்டேன். நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தியது அந்தக் கட்டுரைக்குத்தான்.

இவ்வளவுக்கும் அக்கா வீட்டு வாசலை எனக்குச் சாத்தவில்லை. தீபாவளிக்குப் போனால் சோறு போட்டார். மருமகளை என்னிடம் கணக்குப் படிக்க விட்டார். அம்மாவின் செத்தவீட்டில் எனக்குப் பக்கத்தில் நின்றார். ஆனால் தன் வேலையைப் பற்றி என்னோடு ஒரு சொல் கதைப்பதை விட்டுவிட்டார். நான் கிளினிக்கைப் பற்றிக் கேட்டால், "போகுது" என்பார். அவ்வளவுதான்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது அது பரவிவிட்டிருந்தது. தூர இடத்து ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் வைத்தியம் பார்த்து, இனி ஏலாது என்றதும் லிங்கநகர் வீட்டுக்கே கூட்டி வந்தோம். நான் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பின்னேரம், அத்தான் மருந்து எடுக்கப் போயிருந்த நேரம், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உறுதிமொழி, அபிப்பிராயக் கடிதம், எல்லாம். சொல்லி முடிய அழுதேன்.

அக்கா என்னைத் தேற்றவில்லை.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்?" என்றார். "எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லு."

பிறகு, "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா, சீனியைக் குறைச்சுப் போடு" என்றார். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். சீனி கூடிவிட்டது. அக்கா அதையும் சொல்லிவிட்டு, பாதியைக் குடித்தார். ஒன்பதாம் நாள் காலமானார். நாற்பத்தேழு வயது.

"தெரியாத ஆக்களுக்குச் சொல்லு" என்று அவர் தெளிவாகச் சொல்லியும், செத்தவீட்டில் நான் பேசிய இரங்கலுரையில் அதைச் சொல்லவில்லை. அந்தியேட்டி மலரில் "உறுதுணை" என்று எழுதினேன். செத்தவருக்குக் கூட ஒரு பேராசிரியரின் அக்கா என்ற பெருமை சேர்ப்பதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமையில் நிலாவெளி அம்மா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். மலரை ஒரு பையில் சுற்றி வைத்திருந்தார். விறாந்தையில் இருந்து, பக்கத்தைத் தேடி எடுத்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, மிஸ் உங்களுக்கு உதவி செய்தவ எண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்கு விளங்கேல்லை. ஆர் ஆருக்கு உதவி?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அந்த உப்புக் கதை என்ர வீட்டில நடந்தது. மிஸ் அதை எழுதமுதல் என்னட்டக் கேட்டவ. 'அம்மா, இதை ஒரு கேள்வியா வைக்கட்டோ, உங்களுக்கு மனவருத்தமா இருக்குமோ' எண்டு கேட்டவ. நான் ஒரு கிழமை யோசிச்சுத்தான் ஓம் சொன்னனான். நீங்கள் ஆரிட்டயாவது கேட்டனீங்களோ?"

"இல்லை அம்மா" என்றேன்.

"நான் கடலுக்குப் போனது என்ர விதி. அதுக்கு உங்களைச் சொல்லேல்லை" என்றார். "ஆனா மிஸ்ஸைக் கந்தோரில போட்டுப் பூட்டினது ஆர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அவவும் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

அது நான்தான் என்று, அக்காவுக்கு அடுத்ததாக, அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போது அது எவ்வளவு வேறாக இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். அவர் எழுந்து, நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல், பஸ்ஸுக்குப் போய்விட்டார். கிழமை ஒன்று கழித்து ஆள் அனுப்பி, தன் கதையைத் தன் பெயரோடு நான் எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதமே மூன்று கடிதம் எழுதினேன். ஒன்று ஆய்விதழுக்கு, ஒன்று எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்துக்கு. அக்காவின் பதினொரு கொப்பிகளின் பிரதியையும் இணைத்தேன். துறைத்தலைவர் பதவியிலிருந்து விலகினேன். விசாரணை நடக்கிறது. என் பட்டமும் பதவியும் போகலாம். அது அவர்களின் தீர்மானம். எனக்கு இதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த மாவட்டக் கிளினிக்குகளில் கடந்த மாதத்திலிருந்து புதிய படிவம் பாவிக்கப்படுகிறது. பதினெட்டுக் கேள்விகளும் அக்கா எழுதிய சொற்களிலேயே இருக்கின்றன. கீழே ஆக்கியவர் என்று அவருடைய பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் இந்த மலரின் அட்டையில் உள்ள அதே பெயர்.

எனக்காக இரக்கப்பட்டு, விசாரணைக்குழுவுக்கு அனுப்பவென்று நம் குடும்பத்தில் சிலர் ஒரு மனு தயாரிப்பதாக அறிந்தேன். "அக்கா தம்பிக்குள்ள இருந்த விஷயம், வெளியில ஏன்" என்று அதில் எழுதியிருக்கிறதாம். உங்கள் அன்புக்கு நான் தகுதியானவன் இல்லை. தயவுசெய்து அதில் ஒருவரும் ஒப்பமிட வேண்டாம். ஏற்கெனவே இட்டிருந்தால் திரும்ப வாங்குங்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நோயின் கடைசிக் காலத்தில் வீட்டுக்கே வந்து வலி குறைய ஊசி போட்ட தாதிமாருக்கும், ஐந்து மாதமும் தூர இடத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர அக்காவைப் பஸ் நிலையத்தில் ஏற்றி இறக்கிய கிண்ணியா ஓட்டோக்காரத் தம்பிக்கும், செத்தவீட்டன்று பந்தல் போட்டுக் கதிரை அடுக்கிய லிங்கநகர் அயலவர்களுக்கும் நன்றி. தன் முடிவுகளை அக்காவின் முடிவுகளோடு ஒப்பிட இத்தனை வருடம் பொறுமையாக உதவிய மனநல வைத்தியர், விசாரணையில் தானாக முன்வந்து சாட்சி சொன்னார், அவருக்கு நன்றி. பேனையால் எழுதிய கேள்வியை மேலிடத்துக்குப் பயப்படாமல் தொடர்ந்து கேட்டு வந்த உளவளத்துணையாளர்களுக்கும் நன்றி. நிலாவெளி அம்மாவுக்கு நன்றி என்று சொல்வது போதாது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கமுதல் இந்தக் கட்டுரையை அத்தானிடம் கொடுத்தேன். அவருக்கும் இதில் பாதி தெரியாது. அக்கா அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. விறாந்தையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓரிடத்தைக் காட்டினார்.

"இதில 'பொறுமைசாலி' எண்டு ஒரு சொல் இருக்கு. அதை வெட்டுங்கோ. அவ பொறுமைசாலி இல்லை. அவவுக்கு உங்களோட சண்டை பிடிக்க நேரம் இருக்கேல்லை."

வெட்டினேன்.

"இனி அச்சுக்குக் குடுங்கோ" என்றார்.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அத்தான் என்னை "நீ" என்றும் "டேய்" என்றும்தான் கூப்பிட்டவர். அன்றிலிருந்து என்னை "நீங்கள்" என்கிறார்.

இப்படிக்கு,
தம்பி
லிங்கநகர், திருகோணமலை